ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஒரு கண்: நீரடிக் கேமராவைத் தேர்வதும் பேணுவதும் கைமாற்றுவதும்

நீருக்கடியில் படம் எடுப்பது என்றதும் நம் மனத்தில் கடல்தான் வரும். பவளப்பாறை, வண்ண மீன்கள், முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு நீந்தும் ஆட்கள். கொழிஞ்சாம்பாறைக்கும் கடல் இல்லை, வண்டன்மேட்டுக்கும் கடல் இல்லை. ஆனாலும் நம் எல்லைப் பகுதிகளில் நீரடிக் கேமரா இன்று அன்றாடம் வேலை செய்கிறது. அது இறங்குவது ஆறரை அங்குல அகலமுள்ள ஓர் இருட்டுக் குழிக்குள். அதைத்தான் நாம் போர்வெல் கேமரா என்கிறோம்.

நான் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். கைபேசியே கேமரா ஆனபின் அந்தத் தொழில் சுருங்கியது. படம் எடுக்கத் தெரிந்த கை சும்மா இருக்கக் கூடாதே என்று இந்தத் தொழிலுக்கு வந்தேன். கற்றுக்கொண்டதில் பாதி, காசு இழந்து கற்றது. அதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லிவைத்தால் வேறொருவருக்கு அந்தக் காசு மிஞ்சும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இது ஏன் தேவை?

பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றை நாம் அனைவரும் அறிவோம். கேரளம் என்றால் மழை என்று வெளியூர்க்காரர் நினைப்பர். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பார்த்தால்தான் மழைமறைவுப் பிரதேசம் என்பதன் பொருள் புரியும். 2017ஆம் ஆண்டு மத்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டில், கேரளத்திலேயே மிகைச் சுரண்டல் நிலையில் இருந்த ஒரே வட்டாரம் சித்தூர்தான். பிளாச்சிமடையில் 2002இல் எழுந்த போராட்டமும் நிலத்தடி நீருக்காகவே. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி வரும் தண்ணீர் எட்டாத மேட்டு நிலங்களுக்குப் போர்வெல்லே கதி.

இடுக்கியின் கதை சற்று வேறு. அங்கே மழை உண்டு. ஆனால் மலைச்சரிவில் பெய்த மழை நிற்பதில்லை. கோடையில் ஏலத்துக்குத் தண்ணீர் தேடி, பாறையைத் துளைக்கிறார்கள். 2024 கோடையில் ஏலச்செடிகள் கருகியபோது, எங்கள் வண்டி போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறி இறங்கியபடியே இருந்தது.

இரண்டு இடத்திலும் அடியில் இருப்பது கடினப் பாறை. பாறைக்குள் தண்ணீர் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. வெடிப்புகளில் மட்டுமே ஓடுகிறது. வெடிப்பில் துளை பட்டால் தண்ணீர், படாவிட்டால் புழுதி. ஆகவே போர் விஷயத்தில் எல்லாமே ஊகமாகிவிடுகிறது. தேங்காய் வைத்துப் பார்ப்பவர் ஒன்று சொல்வார், வேப்பங்குச்சி பிடிப்பவர் ஒன்று சொல்வார், ரிக் வண்டி ஏஜென்ட் வேறொன்று சொல்வார். ஒவ்வொரு ஊகத்துக்கும் அடிக்கணக்கில் காசு.

எருத்தேம்பதிப் பக்கம் ஓர் அக்கா. வீட்டுக்காரர் இறந்து, இரண்டு ஏக்கர் தென்னையை ஒற்றை ஆளாகப் பார்ப்பவர். போரில் சேறு வந்தது, பிறகு தண்ணீரே நின்றுவிட்டது. "ஊத்து செத்துப்போச்சுங்கறாங்க தம்பி. புதுசா ஆயிரம் அடி ஓட்டணுமாம். தாலிக்கொடியை வெச்சுத்தான் ஓட்டணும்" என்றார். கேமராவை இறக்கினோம். 62 அடியில் கேசிங் பைப்பின் இணைப்பு விட்டுப்போய், மண் உள்ளே சரிந்திருந்தது. ஊற்று சாகவில்லை, வாய்தான் அடைத்திருந்தது. சேற்றை கம்ப்ரஸரால் ஊதி எடுத்து, உள்ளே ஒரு சிறிய பைப்பை இறக்கி மண்ணை மறித்தார்கள். பழைய போரே மீண்டும் ஓடியது. தாலிக்கொடி கழுத்திலேயே இருந்தது.

சிறு வரலாறு

நீரடிப் படக்கலை புதியதன்று. 1893இல் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு அறிஞர், பான்யுல்ஸ் கடற்கரையில் கேமராவைப் பெட்டிக்குள் வைத்து மூடி நீரடியில் படமெடுத்தார். பின்னர் கூஸ்தோ குழுவினரின் தேவைக்காகப் பிறந்த கலிப்ஸோ கேமராவை ஜப்பானின் நிக்கான் நிறுவனம் வாங்கி, 1963இல் நிக்கானோஸ் என்ற பெயரில் விற்றது. பெட்டியே வேண்டாம், கேமராவே நீர்புகாதது என்பது அதன் சிறப்பு. 2001இல் அதன் உற்பத்தி நின்றது. அன்றைய பூத்தானுக்கும் இன்றைய போர்வெல் கேமராக்காரனுக்கும் கவலை ஒன்றே: வெளிச்சம் வேண்டும், நீர் உள்ளே வரக் கூடாது.

நம் வாசலிலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி இரு மாநிலங்களும் வாதிட்டபோது, உச்ச நீதிமன்றம் 2010இல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அக்குழுவின் ஆய்வுகளில் ஒன்றாக, தொலைவிலிருந்து இயக்கும் நீரடி ஊர்தியை இறக்கி, அணையின் நீர்ப்பக்கச் சுவரைப் படம்பிடித்துப் பார்த்தனர். 2012இல் அறிக்கை வந்தது. 2014 மே 7 அன்று தீர்ப்பு வந்தது. அவ்வளவு பெரிய வழக்கிலும் "இறங்கிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்ற நிலை வந்ததே, அதுதான் நமக்குப் பாடம்.

தண்ணீர் கேமராவுக்குச் செய்வது என்ன?

கருவி வாங்குமுன் மூன்று விஷயங்கள் புரிய வேண்டும்.

ஒன்று, ஒளி விலகல். நீரின் விலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியே நீரில் பார்த்தால் பொருள் முக்கால் தூரத்தில் இருப்பதுபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். அரை அங்குல வெடிப்பைப் பார்த்து "முக்கால் அங்குலம் பிளந்திருக்கு" என்று சொல்லிவிடுவது எளிது. பார்வைக் கோணமும் சுருங்கும். காற்றில் 90 பாகை பார்க்கும் லென்ஸ், நீரில் சுமார் 64 பாகைதான் பார்க்கும்.

இரண்டு, வெளிச்சம். குழிக்குள் சூரியன் இல்லை. கேமராவைச் சுற்றியுள்ள எல்இடி விளக்கே எல்லாம். கலங்கிய நீரில் விளக்கைக் கூட்டினால் தெளிவு கூடாது. மார்கழிப் பனியில் ஹெட்லைட் போட்டதுபோல வெள்ளையாக மறைக்கும். குறைத்தால்தான் தெரியும்.

மூன்று, அழுத்தம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீரில் ஒவ்வொரு 33 அடிக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் ஏறும். 1000 அடிப் போரில் நீர்மட்டம் 600 அடியில் என்றால், அடியில் 400 அடி நீர்தான் கேமராவை அமுக்கும்; சுமார் 12 கிலோ. மூன்று அங்குலக் கண்ணாடி முழுவதற்கும் கணக்கிட்டால் அரை டன்னுக்கு மேல். அதே போரில் துலாவர்ஷம் முடிந்து நீர்மட்டம் 100 அடிக்கு ஏறினால் அழுத்தம் 27 கிலோ ஆகிவிடும். கோடையில் பிழைத்த கேமரா ஐப்பசியில் நொறுங்குவது இதனால்தான்.

எப்படித் தேர்வது?

முதலில், எதற்கு என்று முடிவு செய்யுங்கள். திறந்த கிணற்றின் சுவரைப் பார்க்க மட்டும் என்றால் பெரிய செலவு வேண்டாம். கோப்ரோ போன்ற சிறு கேமராக்கள், 2016இல் வந்த ஹீரோ 5 முதல், கூடு இல்லாமலே 10 மீட்டர் வரை தாங்கும். முக்குளிப்புக் கூட்டுக்குள் வைத்தால் இன்னும் ஆழம் போகும். ஒரு டார்ச்சோடு சேர்த்து மூங்கிலில் கட்டி இறக்கலாம். ஆனால் வைஃபை நீரைத் தாண்டி வராது. மேலே எடுத்த பிறகுதான் படம் பார்க்க முடியும்.

போர்வெல் என்றால் கேபிள் கேமராதான். அதில் பார்க்க வேண்டியவை:

கேமராத் தலையின் ஆழத் தகுதி: "ஆயிரம் அடி கேமரா" என்று விற்பார்கள். ஆயிரம் அடி இருப்பது கேபிள். தலை எத்தனை மீட்டர் நீரைத் தாங்கும் என்று தனியாகக் கேளுங்கள். ஐபி 68 என்ற முத்திரை மட்டும் போதாது. அதில் 8 என்பது, தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்தில் தொடர்ந்து மூழ்கலாம் என்பதே. அந்த ஆழம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

தலையின் விட்டம்: போர் ஆறரை அங்குலமானாலும், உள் பைப் போட்ட இடம் நான்கு அங்குலமாக இருக்கலாம். மிகக் குறுகிய இடத்தைவிட இரண்டு அங்குலமாவது சிறியதாக இருக்கட்டும்.

இரட்டைப் பார்வை: கீழ்நோக்கும் கண் மட்டும் இருந்தால் வெடிப்புகள் நழுவிப்போகும். பக்கவாட்டில் சுழன்று பார்க்கும் கண் அவசியம். கேசிங் இணைப்பையும் ஊற்றுக்கண்ணையும் காட்டுவது அதுதான்.

கேபிளும் அடி எண்ணியும்: படம் எவ்வளவு தெளிவானாலும், எத்தனை அடியில் என்று தெரியாவிட்டால் பயனில்லை. கேபிள் ஓடும் சக்கரத்தில் அடி எண்ணி இருக்கும். தேய்ந்த சக்கரம் கூட்டிக் காட்டும். சேறு பட்டு வழுக்கும் சக்கரம் குறைத்துக் காட்டும். வாங்கியதும் கேபிளில் 50 அடிக்கு ஒரு வண்ணச் சுற்று போட்டுவிடுங்கள்.

இந்த அடி எண்ணி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். நெடுங்கண்டம் பக்கம் ஒரு தோட்டத்தில் உடைப்பு 110 அடியில் என்று எழுதிக் கொடுத்தேன். சக்கரம் வழுக்கியிருக்கிறது. உண்மையில் 118 அடி. உள் பைப்பை என் கணக்கை நம்பி இறக்கினார்கள், உடைப்பு மூடவில்லை. மறுபடியும் பைப், மறுபடியும் கூலி. "படத்துல எல்லாம் சரியாத்தானப்பா தெரிஞ்சுச்சு" என்றார் தோட்டக்காரப் பெரியவர். இரண்டாம் செலவை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து எண்ணியையும் வண்ணச் சுற்றையும் ஒத்துப் பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை.

மெகாபிக்ஸல் கணக்கைக் கடைசியில் பாருங்கள். கலங்கிய நீரில் எந்த மெகாபிக்ஸலும் ஒன்றுதான். மோட்டாரை மேலே ஏற்றியபின் ஒரு ராத்திரியாவது தண்ணீரைத் தெளிய விடுவது, விலை உயர்ந்த லென்ஸைவிட நல்ல படம் தரும். மோட்டாரோ கயிறோ உள்ளே இருக்கும்போது கேமராவை இறக்கவே கூடாது. சிக்கினால் இரண்டும் போய்விடும்.

பராமரிப்பு

நீரடிக் கேமராவின் உயிர் அந்த ரப்பர் வளையத்தில் இருக்கிறது. ஓ-ரிங் என்பார்கள். பார்ப்பதற்கு வளையல்போல அற்பமாக இருக்கும். அதன்மேல் ஒரு தலைமுடி கிடந்தாலே நீர் வழி கண்டுபிடித்துவிடும். திறக்கும்போதெல்லாம் வளையத்தைக் கழற்றி, பஞ்சில்லாத துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். வெட்டோ தட்டையோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை மட்டும், பளபளப்பு வரும் அளவுக்குத் தடவினால் போதும். கிரீஸ் நீரை அடைப்பதில்லை. வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார உதவுகிறது, அவ்வளவே. அப்பிவைத்தால் மண்ணைப் பிடித்து வைக்கும். வாசலின், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சில ரப்பர்கள் ஊறிப் பருத்துவிடும்.

அடுத்த பகை, உள்ளே தங்கும் ஈரம். பீர்மேட்டிலோ மூணாறிலோ மழைக்காலக் காற்றில் கேமராவைத் திறந்து மூடினால், அந்த ஈரக் காற்றும் சேர்ந்து உள்ளே அடைபடும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். நீர் புகுந்துவிட்டது என்று பயந்து திறப்பார்கள். இன்னும் ஈரம் ஏறும். காய்ந்த அறையில், வெயில் நேரத்தில் மட்டுமே திறந்து மூடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். நிறம் மாறினால் சூடுகாட்டி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். வீட்டில் வைக்கும்போது காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். தோல் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் கேபிளை நல்ல நீரில் கழுவி, நிழலில் உலர்த்திச் சுற்றுங்கள். முழங்கையில் சுற்றி முறுக்கினால் உள் கம்பி ஒடியும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

ஒன்றைப் பலரும் மறக்கிறார்கள். நேற்று ஒருவர் வீட்டுச் சாக்கடை கலந்த போரில் இறங்கிய அதே கேமரா, இன்று இன்னொருவர் குடிக்கும் தண்ணீரில் இறங்குகிறது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரால் தலையையும் கேபிளையும் துடைத்து, பிறகு நல்ல நீரில் அலசி எடுத்த பின்பே அடுத்த போருக்குப் போக வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

வாங்கலும் விற்றலும்

புதுக் கேமரா விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே எண்ணைச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் கைமாறுவது பெரும்பாலும் பழைய கேமராக்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் வழியாகவும் கோவைக் கடைகள் வழியாகவும் வருகின்றன.

நான் முதலில் வாங்கியதும் பழையதுதான். விற்றவர் மேசைமேல் வைத்து இயக்கிக் காட்டினார். படம் கண்ணாடிபோல் இருந்தது. கேபிள் உருளையில் அழகாகச் சுற்றியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு போரில் 280 அடியில் திரை கறுத்தது. கேபிளுக்குள் கம்பி ஒடிந்திருக்கிறது. சுற்றிய நிலையில் தொட்டுக்கொண்டிருந்தது, தொங்கவிட்டதும் விலகிவிட்டது. அவரிடம் போனபோது "நீங்க எடுக்கும்போது நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

ஆகவே பழையதை வாங்குவோர்க்கு என் முறை இது. கேபிள் முழுவதையும் தரையில் அவிழ்த்து, கேமரா ஓடும்போதே ஒவ்வொரு பத்தடியாக வளைத்துப் பாருங்கள். திரை மின்னினால் விட்டுவிடுங்கள். தலைக்குள் கேபிள் நுழையும் கழுத்தைப் பாருங்கள். பாதிப் பழுது அங்கேதான். கண்ணாடியின் உட்புறம் வெள்ளைப் படிவம் தெரிந்தால் ஒருமுறை நீர் புகுந்த கேமரா. திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். வளையமும் கண்ணாடியும் உதிரியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கடைசியாக, உங்கள் சொந்தப் போரில் இறக்கி, அரைமணி நேரம் அடியிலேயே நிறுத்தி, மேலே எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வரிசை எண் உள்ள பில்லை வாங்கி வையுங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு விற்பனை வரிச் சாவடிகள் போயின. ஆனாலும் கருவியோடு எல்லை தாண்டும்போது பில் நகல் கையில் இருந்தால் பேச்சு குறையும்.

விற்கும்போதும் ஒரு நேர்மை வேண்டும். நீர் புகுந்த கேமரா என்றால் சொல்லி விற்க வேண்டும். இதை நம்பி ஒருவர் போர் ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார். அந்த என் முதல் கேமராவை நான் உதிரிக்கு என்று சொல்லியே விற்றேன்.

இல்லை என்று சொல்வதும் வேலையே

கேமரா எப்போதும் நல்ல செய்தி தராது. வேலந்தாவளம் பக்கம் ஒருவர் 1100 அடி ஓட்டியிருந்தார். மூன்றாவது போர். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இருக்கிறது, இங்கே மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று இன்னும் 300 அடி இறக்க ஏஜென்டோடு பேசியிருந்தார். நாங்கள் அடிவரை பார்த்தோம். ஒரு வெடிப்பு இல்லை, ஓர் ஈரக்கோடு இல்லை. முழுக்க வழவழப்பான பாறை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போதும் தம்பி, எடுத்துருங்க" என்றார். அன்று மாலையே ஏஜென்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போன காசு போனதுதான். போகவிருந்த காசு நின்றது.

அப்படிக் கைவிட்ட போரை அன்றே மூடி வைக்க வேண்டும். 2010இல் உச்ச நீதிமன்றமே இதற்கு வழிமுறைகள் தந்தது. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே விழுந்த சிறுவனைக் கேமரா பொருத்திய மீட்புக் கருவி மேலே கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த குழந்தையைத் திரையில் பார்க்கத்தான் முடிந்தது, மீட்க முடியவில்லை. நான் கேமராவை மேலே எடுத்ததும் மூடி போட்டுத் திருகிய பிறகே கூலி வாங்குகிறேன்.

நிறைவாக

அன்பர்களே, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கேமரா தனியொருவர் வாங்கி வைக்க வேண்டிய பொருளன்று. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூட்டாக வாங்கி, பொறுப்பான ஓர் இளைஞரைப் பழக்கினால் ஊருக்கே போதும். கழுவவும் வளையம் மாற்றவும் ஒரு கணக்கு நோட்டு வேண்டும். எந்தப் போரில், எந்தத் தேதியில், நீர்மட்டம் எத்தனை அடி, வெடிப்பு எத்தனை அடி என்று அதில் எழுதிவந்தால், நம் ஊரின் நிலத்தடி நீர் எங்கே போகிறது என்று நம்மிடமே சான்று இருக்கும்.

பதிவு செய்த படம் போருக்கு உரியவருடையது. அதன் நகலைக் கேட்டு வாங்கி, நிலத்தின் ஆதாரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்தமுறை யாராவது வந்து "ஊத்து செத்துப்போச்சு" என்றால், எடுத்துக் காட்டலாம்.